கார் லைசென்ஸும் கனரக டிரெய்லரும்

வாகனமோட்டும் லைசென்ஸ் வைத்திருக்கும் தொழிலாள நண்பர்கள் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி ஆகியவற்றோடு இரண்டொரு ஆங்கில எழுத்துகளும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிளுக்குரிய 'பி2', காருக்குரிய 'டி' ஆகிய இரண்டுமே நம்மில் பெரும்பாலோரிடம் உள்ளவை. காலாவதியாகும் நாளைத் தவறாமல் பார்த்து வைப்பவர்களும் இந்த எழுத்துகளைப் பொருட்படுத்துவதில்லை. கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு லோரி என்ன, டிராக்டர் என்ன, எல்லாம் சக்கரமும் ஸ்டியரிங்கும்தானே என்னும் எண்ணம் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும், கையிலுள்ள 'டி' லைசென்ஸை முறையாக விரிவுபடுத்திக் கனரக டிரெய்லரை இழுக்கும் தகுதியை எவ்வாறு பெறலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குப் பாரம் இழுக்கும் தொழில் புதியதன்று. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றோரம் இருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் பெருகின. சரக்குப் பெட்டிகளைக் கோத்து, சரிபார்த்து, துறைமுகத்துக்கு அனுப்பிய கைகளில் தமிழர் கைகள் ஏராளம். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அடுத்த ஆண்டே அங்குக் கொள்கலன் முனையம் செயல்படத் தொடங்கியது. அன்றுதொட்டு, துறைமுகத்துக்குச் செல்லும் சரக்கில் பெரும்பகுதி சாலைக்கு மாறிவிட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், இருபது அடி, நாற்பது அடிக் கொள்கலன்களைச் சுமந்த டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம்.

நாம் வெட்டும் பாலுக்கும் அந்த டிரெய்லர்களுக்கும் தொடர்பு உண்டு. ஆலையில் பதப்படுத்தப்படும் மலேசியத் தர ரப்பர், ஒவ்வொன்றும் 33 1/3 கிலோ எடையுள்ள பாளங்களாகக் கட்டப்படுகிறது. ஒரு கொள்கலனில் 20 டன் ஏற்றினால் அதில் 600 பாளங்கள் இருக்கும். எத்தனை வெட்டுக்காரர்களின் எத்தனை விடியற்காலைகள் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். அதை இழுத்துச் செல்பவர் நம் தோட்டத்துப் பிள்ளையாக இருக்கக்கூடாதா என்ற கேள்வியும் உடன் எழுகிறது. கேள்வி வீணானதன்று. சீஃபீல்டு தோட்ட நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா எழும்பியது. நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் இன்று செத்தியா ஆலம் நிற்கிறது. மரம் போனபின் வெட்டுக்கத்தி மட்டும் சோறு போடாது. எனவே, காடு இருக்கும்போதே இன்னொரு தொழிலுக்குத் தகுதி பெற்று வைப்பது அவசியமாகும்.

பின்னால் வரும் பாரம்

கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். வழக்கமாக டிராக்டர் ஓட்டுபவர் அன்று விடுப்பில் இருந்தார். பால் கொட்டகையில் பத்துப் பீப்பாய்ப் பால் டிரெய்லரில் ஏற்றியாகிவிட்டது. வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும் என்ற அவசரம். கார் லைசென்ஸ் வைத்திருந்த இளைஞர் ஒருவரை, "நீதான் ஓட்டுவாயே தம்பி, கொண்டுபோய் ஆலையில் விட்டுவிட்டு வா" என்று மேலே ஏற்றிவிட்டார்கள். சமதளத்தில் எல்லாம் சரியாகவே நடந்தது. இறக்கம் வந்ததும், காரில் செய்யும் பழக்கத்தில் அவர் கிளட்சை மிதித்துக் கியரை மாற்ற முயன்றார். அந்த ஒரு நொடியில் எஞ்சினின் பிடி விட்டுப் போயிற்று. பின்னாலிருந்த பாரம் டிராக்டரை முன்னே தள்ளியது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினார். டிராக்டர் குறுக்கே திரும்பியது. டிரெய்லர் மடக்குக் கத்தியைப்போல் வந்து மடிந்து அதன் மீதே மோதியது. உயிர் தப்பியது பெரும்பேறு. ஆனால் அவருடைய வலக்கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியது. அதற்குப் பிறகு அவரால் மேட்டுக்காட்டில் மரம் வெட்ட முடியவில்லை.

அந்தப் பாரம் எவ்வளவு என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோம். பால் ஏறத்தாழத் தண்ணீரின் எடையே உடையது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 200 கிலோவை நெருங்கும். பத்துப் பீப்பாய் 2 டன். டிரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்தால், ஒரு சிறிய டிராக்டரின் எடையைவிடப் பின்னால் வந்ததே அதிகம். முன்னே போவது எஜமானன், பின்னே வருவது வேலையாள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இறக்கத்தில் இவ்வுறவு தலைகீழாகிவிடுகிறது.

அந்த இளைஞர் ஓட்டத் தெரியாதவர் அல்லர். கார் ஓட்டுவதில் கெட்டிக்காரர். டிரெய்லர் இழுப்பது வேறு வித்தை என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதே உண்மை. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். இறங்கும்போது கிளட்சைத் தொடக்கூடாது. தோட்ட டிராக்டர்களில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் மிதிகள் இருக்கும். காட்டுக்குள் குறுகிய இடத்தில் திரும்புவதற்காக அமைந்தவை அவை. சாலைக்கு வருமுன் இரண்டு மிதிகளையும் கொக்கியால் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால், வண்டி அந்தப் பக்கம் சுழன்று திரும்பும். டிரெய்லரைக் கோக்கும் இடமும் முக்கியம். அதற்கென்று தாழ்வாக அமைந்திருக்கும் இழுப்புக் கம்பியில்தான் கோக்க வேண்டும். மேட்டில் இழுக்கவில்லை என்று உயரமான இடத்தில் சங்கிலியை மாட்டி இழுத்தால், டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்புறமாகக் கவிழும். ஓட்டுபவர் அடியில் அகப்பட்டுக்கொள்வார்.

பாலைப் பீப்பாய்களில் கொண்டு செல்வதற்கும் பெரிய தொட்டியில் கொண்டு செல்வதற்கும் வேற்றுமை உண்டு. முழுக்க நிரம்பிய தொட்டியைவிடப் பாதி நிரம்பிய தொட்டியே ஆபத்தானது என்றால் பலர் நம்புவதில்லை. பாதித் தொட்டியில் பால் அலைமோத இடம் இருக்கிறது. பிரேக் போட்டால் அத்தனை பாலும் முன்னே ஓடிவந்து வண்டியைத் தள்ளும். வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கவிழ்க்கப் பார்க்கும். இவ்வலையை அடக்குவதற்காகவே நல்ல தொட்டிகளின் உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன.

பின்னோக்கி ஓட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். பல ஆண்டுகள் கார் ஓட்டியவர்களுக்கு இதுவே பெருந்தலைவலி. கையை ஸ்டியரிங்கின் அடிப்புறத்தில் வைத்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் குழப்பம் நீங்கும். டிரெய்லர் மடியத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் முன்னே சென்று நேராக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குவதே அறிவுடைமை. அனுபவமுள்ளவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எழுத்துகளின் பொருள்

நம் நாட்டில் வாகனமோட்டும் உரிமத்தை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நிர்ணயிக்கிறது. அதன் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் லைசென்ஸில் குறிக்கப்பட்ட வகை வாகனத்தை மட்டுமே ஓட்டலாம். வேறு வகை வாகனத்தை ஓட்டுபவர் லைசென்ஸ் இல்லாதவராகவே கருதப்படுவார். இதில் நம்மவர் பலர் அறியாத இன்னொன்றும் உண்டு: உரிய லைசென்ஸ் இல்லாத ஒருவரை ஓட்டும்படி வேலைக்கு அமர்த்துபவரும், ஓட்ட அனுமதிப்பவரும் அதே பிரிவின்கீழ்க் குற்றவாளிகளே. ஆகவே "ஓட்டிக்கொண்டு போ" என்று மேலதிகாரி சொன்னாலும், "என்னிடம் அந்த வகை இல்லை, ஐயா" என்று பணிவாக மறுப்பது அவரையும் காப்பாற்றும் செயலாகும்.

'டி' வகை, பாரமில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வாகனத்துக்கு உரியது. கார், வேன், சிறிய லோரி ஆகியவை இதில் அடங்கும். அதற்கு மேல் 'இ' வகை. அதில் 'இ2' என்பது 5,000 கிலோ வரையிலும், 'இ1' என்பது 7,500 கிலோ வரையிலும் செல்லும். பெரிய லோரிகளுக்கும், பிரைம் மூவரோடு இணைந்த டிரெய்லர்களுக்கும் முழு 'இ' தேவை. டிராக்டர்களின் கணக்கு முற்றிலும் வேறு. சக்கரமுள்ளதும் 5,000 கிலோவுக்கு மேற்படாததுமான டிராக்டருக்கு 'எஃப்'; அதற்கு மேற்பட்ட எடையுள்ள சக்கர இயந்திரங்களுக்கு 'ஹெச்'. சங்கிலிப் பட்டையில் ஓடுபவற்றுக்கு 'ஜி', 'ஐ' என்னும் வகைகள் இருக்கின்றன. எனவே 'டி' வைத்திருப்பவர் தோட்டத்து டிராக்டரைச் சாலையில் ஓட்டினால் அது குற்றமே.

மேற்கூறிய எடைகள் யாவும் வாகனத்தின் வெறும் எடை என்பதை மறந்துவிடலாகாது. லைசென்ஸ் வகையை வெறும் எடை நிர்ணயிக்கிறது; சாலையிலோ ஏற்றிய பாரமும் சேர்ந்தே உருண்டு வருகிறது. 'டி' லைசென்ஸோடு ஓட்டக்கூடிய சிறு லோரியின் பின்னால் ஒரு டிரெய்லரைக் கோத்துவிட்டு, லைசென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது என்று நிம்மதி கொள்வோர் உண்டு. அந்த டிரெய்லரும் முறைப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. சாலையில் செல்லும் டிரெய்லர்களின் பின்னே தனி எண் பலகை இருப்பதைக் கவனித்திருக்கலாம். டிரெய்லர் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் ஒரு சாய்கோடும் அதில் முதலில் வரும். பட்டறையில் பழைய அச்சை ஒட்டவைத்துத் தயாரித்த வண்டிக்கு அத்தகைய எண் இராது.

"தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறோம்" என்று சிலர் கேட்கக்கூடும். பொதுமக்கள் தடையின்றிப் போய்வரும் பாதை சட்டத்தின் பார்வையில் சாலையே. பள்ளிப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போவோரும் நடக்கும் செம்மண் பாதையை நம் சொந்த முற்றம் என்று கருதுவதற்கில்லை. தவிரவும், விபத்து நேர்ந்த பின் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது ஓட்டியவரின் லைசென்ஸைத்தான். வகை பொருந்தவில்லையென்றால் வாகனச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கும் நிலையும் ஏற்படலாம். தொழிலாளி குடும்பம் ஒன்று அதிலிருந்து மீள்வது எளிதன்று.

'டி'யிலிருந்து முழு 'இ'க்கு

17 வயதில் 'டி' வகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்ச்சி பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தற்காலிகமான 'பி' லைசென்ஸே கிடைக்கும். அதன் பிறகே முழு லைசென்ஸ். கனரக வாகனத்துக்குக் குறைந்தது 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளை வீணாகும் காலமென்று கருத வேண்டாம். சம்மன் இல்லாமல் ஓட்டிய பதிவு பிற்காலத்தில் பெருந்துணையாகும். கட்டாத சம்மன்களோ விண்ணப்பத்துக்கு முட்டுக்கட்டையாகும்.

பின்னர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அங்கீகாரம் பெற்ற வாகனமோட்டும் கழகம் ஒன்றில் சேர்ந்து, 'இ' வகைக்குப் பயிற்சி லைசென்ஸ் எடுத்து, பயிற்சிக்குப் பின் இலாகா அதிகாரியின் முன்னிலையில் சோதனைக்கு அமர வேண்டும். கழகங்கள் பல. சில இடங்களில் சிறிய லோரியில் மட்டுமே பயிற்சி தருகிறார்கள். எந்த வாகனத்தில் பயிற்சி, எந்த வகைக்குச் சோதனை, கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணத்தைக் கட்ட வேண்டும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் ஏமாந்து போகிறார்கள். வாகனத்தை ஓட்டுவதற்கே 'இ' வகை. தொழில்முறையில் சரக்கு ஏற்றிச் செல்வதற்கு ஜி.டி.எல். எனப்படும் சரக்கு வாகன லைசென்ஸ் தனியாக வேண்டும். அதற்கும் குறைந்தது 21 வயது. தனி வகுப்பு உண்டு. பதிவுபெற்ற மருத்துவரிடம் உடற்சோதனை செய்து அதற்குரிய பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கண்பார்வை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றில் குறையிருந்தால் அப்போது தெரிந்துவிடும். சர்க்கரை நோயை மறைத்துக்கொண்டு கனரக வாகனம் ஓட்ட விரும்புவோரை நாம் கண்டிருக்கிறோம். ஓட்டும்போது மயக்கம் வந்தால் 40 டன்னைப் பிடித்து நிறுத்த ஒருவரும் இல்லை என்பதை அவர்கள் வீட்டாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் புதிதாகக் கற்க வேண்டியவை பல. பிரைம் மூவரின் முதுகில் குதிரைச் சேணம்போல் ஒரு தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியிலுள்ள தடித்த இரும்பு முளை அதனுள் புகுந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது என்று காதால் கேட்டால் போதாது. இறங்கிக் கண்ணால் பார்த்துவிட்டு, டிரெய்லரின் பிரேக் பிடித்திருக்கும்போதே மெல்ல ஒருமுறை முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். பிரேக்குக்காகக் காற்றுக் குழாய்கள் இரண்டு செல்கின்றன. அவற்றுள் சிவப்புக் குழாய் அறுந்தால் டிரெய்லரின் பிரேக்குகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். கொள்கலனின் நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டுகளைத் திருகி இறுக்குவது ஓட்டுநரின் பொறுப்பு. அரை நிமிட வேலை அது. அதைச் செய்யாமல் விட்டால், துறைமுகச் சாலை வளைவில் பெட்டி தனியாகச் சரிந்து பக்கத்துக் காரின்மேல் விழும்.

பாரத்தின் வலிமையை நாடே 2025 மே 13 அன்று கண்டது. தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் படையின் வாகனமும் மோதிக்கொண்டதில் ஒன்பது போலீஸ்காரர்கள் உயிரிழந்தனர். அந்த லோரி டிரெய்லர் கோத்ததன்று. டிரெய்லரில் பாரமும் நீளமும் இன்னும் மிகுதி என்பதே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

லைசென்ஸ் விஷயத்தில் இன்னும் ஒரு தீமையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. "சோதனையே வேண்டாம், இத்தனை ஆயிரம் கொடு, எழுத்தை ஏற்றித் தருகிறேன்" என்று சொல்லித் திரியும் தரகர்கள் தோட்டங்களிலும் நுழைகிறார்கள். இவ்வாறு கிடைப்பதை மக்கள் 'லெசென் தெர்பாங்', அதாவது பறக்கும் லைசென்ஸ் என்கிறார்கள். பெயருக்கேற்ப, பணம் பறந்துவிடுகிறது, லைசென்ஸ் வருவதில்லை. வந்தாலும் இலாகாவின் கணினிப் பதிவில் இல்லாமல் போகலாம். இன்று கைத்தொலைபேசியிலேயே மின்னியல் லைசென்ஸைக் காட்டும் வசதி 2023 முதல் நடைமுறையில் இருப்பதால், எழுத்து உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று எவரும் தாமே பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்துப் பெற்றவர் பிடிபட்டால் தரகர் மட்டுமன்றி அவரும் வழக்கைச் சந்திக்க நேரும். அது ஒருபுறமிருக்க, ஸ்டியரிங்கின் பின்னால் அமர்ந்த பிறகு, கற்காத பாடத்தை எந்தத் தரகர் வந்து சொல்லிக்கொடுப்பார்?

டிரெய்லர் ஓட்டும் விருப்பம் இல்லாதவர்களுக்கும் இப்பாடம் பயன்படும். நம்மில் பலர் மோட்டார் சைக்கிளில் டிரெய்லர்களின் அருகே செல்பவர்களே. நீண்ட டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே பின்சக்கரங்கள் வருவதில்லை. அவை உட்புறமாக அறுத்துக்கொண்டு வரும். அதனால்தான் ஓட்டுநர் முதலில் வலப்பக்கம் ஒதுங்கிப் பிறகு இடப்பக்கம் திரும்புகிறார். இடப்பக்கம் இடைவெளி விழுந்திருக்கிறது என்று எண்ணி மோட்டார் சைக்கிளை நுழைப்பவர் அந்தப் பின்சக்கரங்கள் வரும் வழியில் போய் நிற்கிறார். ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் தெரிவதில்லை. டிரெய்லரின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையென்றால், நம்மையும் அவர் காணவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சமிக்ஞை விளக்கில் டிரெய்லருக்கு முன்னே சட்டென்று புகுந்து நிற்பதும் அவ்வாறானதே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பாரத்தை நிறுத்தும் வேலை தொடங்குகிறது. மழைத் தண்ணீர் நின்ற சாலையில் அது இன்னும் நீளும்.

டிரெய்லரை ஓட்ட விரும்பும் இளைஞர்கள் முதலில் தங்கள் லைசென்ஸில் உள்ள எழுத்துகளையும், நிலுவைச் சம்மன்கள் இருந்தால் அவற்றையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிலாங்கூரில் இருப்போர் ஷா ஆலம் பாடாங் ஜாவாவிலுள்ள சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்திலும், தலைநகரில் இருப்போர் வங்சா மாஜுவிலுள்ள அலுவலகத்திலும் விசாரிக்கலாம். வேலை நாளில் விடுப்பெடுத்துப் போவதாயிருந்தால் அடையாளக் கார்டையும் லைசென்ஸையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த வகைக்கு எந்தக் கழகத்தில் பயிற்சி நடைபெறுகிறது என்பதைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், லயத்தில் உள்ள மற்ற இளைஞர்களுக்கும் அது உதவும்.